கலை நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவை நடத்த பரதம் தெரிந்தால் போதுமா?

கேள்வி கேட்டவர் பரதத்தில் டிப்ளமோ முடித்தவர். நாகர்கோவில் பக்கம் ஒரு நிகழ்த்துகலை நிறுவனம் தன் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டிருக்கிறது, ஆடத் தெரிந்தால் போதுமா என்கிறார்.

போதாது. நானும் அப்படி நினைத்துத்தான் தக்கலைக்குப் பக்கத்தில் இதே மாதிரி வேலையில் போய் உட்கார்ந்தேன். எட்டு வருடம். அதில் நான் சலங்கை கட்டிய நாட்களை எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் கால அட்டவணை, கட்டணம், கடைசி பஸ்.

கடைசி பஸ்ஸை விளையாட்டாகச் சொல்லவில்லை. குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை ஐந்தரைக்கு வகுப்பு வைத்தால் ஆறே முக்காலுக்கே கண் வாசலுக்குப் போய்விடும். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் வேறு. சரி, ஞாயிறு காலை என்று மாற்றினேன். 2011 கணக்கெடுப்புப்படி இங்கே கிறித்தவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம். ஞாயிறு காலை பாதி வகுப்பு கோயிலில் இருக்கும் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்கே மூன்றாவது வாரம்தான் உறைத்தது. ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிய பிறகுதான் வருகைப் பதிவேடு நிரம்பியது.

பெரிய அடி வில்லுப்பாட்டில் விழுந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள், ஏப்ரல், மே இரண்டு மாதம் வில்லுப்பாட்டு முகாம் என்று நோட்டீஸ் அடித்துவிட்டேன். இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். சொல்லிக்கொடுக்க அண்ணாவி, அதாவது வில்லுப்பாட்டு ஆசான், இல்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பங்குனி, சித்திரை என்றால் அம்மன் கோயிலிலும் மாடன் கோயிலிலும் கொடைத் திருவிழா. இந்தக் கலையில் பிழைக்கிற ஒருவர் வருடச் சோற்றைச் சம்பாதிப்பதே அந்த மாதங்களில்தான். விடிய விடியப் பாடிவிட்டு வந்து பத்து மணிக்கு நம் வகுப்பில் உட்கார அவருக்கு என்ன தலையெழுத்து? முகாமைப் பாதியில் நிறுத்தி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அடுத்த வருடம் கொடை இல்லாத மாதங்களாகப் பார்த்துப் போட்டேன். அப்போதும் தகராறுதான். நான் பாட்டை டைப் செய்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். அண்ணாவி அதை வாங்கி மடித்து குடத்துக்கு அடியில் சும்மாட்டுக்கு வைத்துக்கொண்டார். "டீச்சர், பேப்பரப் பாத்துப் பாடுனா எதிர இருக்க ஆளு மொகம் எப்படித் தெரியும்?" என்றார். அவருடைய முறையில் புதிதாக வருகிறவன் முதலில் ஜால்ரா போடுவான், கூடச் சேர்ந்து 'ஆமா' போடுவான். காது பழகிய பிறகு உடுக்கையோ குடமோ. வீசுகோலை எடுத்து வில்லைத் தட்டுவது கடைசியில்தான். நமக்கோ மூன்று மாதத்தில் ஆண்டு விழா, எல்லாப் பிள்ளையும் நடுவில் உட்கார வேண்டும் என்று எல்லா அம்மாக்களுக்கும் ஆசை. பொறுப்பாளர் வேலை என்பது இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஏச்சு வாங்குவது. நான் அண்ணாவி பக்கம் நின்றேன். அதனால் ஏழு பிள்ளைகள் விலகினார்கள், வருத்தம் இல்லை.

எந்தக் கதை என்பது இன்னொரு சிக்கல். சுடலைமாடன் கதை, நீலி கதை என்றதும் சில வீடுகளில் முகம் சுருங்கும். "பேய்க்கதையெல்லாம் எதுக்கு?" அவர்களிடம் நான் என்.எஸ். கிருஷ்ணனைச் சொல்வேன். ஒழுகினசேரிக்காரர், காந்தி கதையையே வில்லில் பாடினவர். ஆண்டு விழாவுக்கு நாங்களும் அந்த மாதிரி ஒரு கதை எடுத்துக்கொண்டோம். ஆனால் வகுப்பிலிருந்து முத்துப்பட்டனை எடுக்கவில்லை. செருப்புத் தைக்கும் வீட்டுப் பெண்களைக் கட்டிய பிராமணன் கதையை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளோடு பாடிப் பழகியதுதான் அங்கே நடந்த உருப்படியான கல்வி என்று எனக்கு நினைப்பு. களியலாட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. விளக்கைச் சுற்றிக் கம்படித்து ஆடுவது. இரண்டு மதத்துக்காரர்களும் தங்கள் தங்கள் பாட்டைப் போட்டு ஆடி வந்திருக்கிறார்கள்.

பணம்? பரத வகுப்புக் கட்டணம்தான் மற்ற எல்லாவற்றையும் தாங்கும். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். அறுபது பேர் பரதத்தின் முதல் பாடமான தட்டடவைத் தட்டுவதால்தான் ஏழு பேர் வில் பிடிக்க முடிகிறது. அரங்கேற்றத்துக்கு மட்டும் அவசரப்படுத்த விடாதீர்கள். நகை, பக்கவாத்தியம், மண்டபம் என்று கடன் வாங்கிச் செய்துவிட்டு, மறுமாதமே பிள்ளையை நிறுத்தினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேற்கொண்டு படிக்க நினைத்தால், 1939இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி திருவனந்தபுரத்தில் இருக்கிறது. சென்னையை விட அதுதான் நமக்குப் பக்கம். ஆனால் இந்த வேலைக்கு உங்கள் டிப்ளமோவே போதும்.

நேர்முகத்தில் அவர்கள் சம்பளம் பேசுவார்கள், பேசட்டும். நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளையைச் சேர்க்க எனக்கு அதிகாரம் உண்டா, இல்லை ஒவ்வொன்றுக்கும் கமிட்டியிடம் வர வேண்டுமா? கிராமத்துக் கலைஞர்களுக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று கொடுப்பீர்களா, மாதச் சம்பளமா? இரண்டாவதற்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால், பரத ஆசிரியராக மட்டும் சேருங்கள்.