மன்றத்தில் எந்த முகவரியைச் சொல்லப் போகிறீர்கள்?

கேள்வி: திருநெல்வேலி எனக்குச் சொந்த ஊர். அமெரிக்காவில் ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் தடகள அணியின் துணைப் பயிற்சியாளராக எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். ஓரினச் சேர்க்கையாளர்கள், திருநர்கள் என்பதற்காக யாருக்கும் வேலையோ வீடோ மறுக்கக் கூடாது என்று இங்குள்ள மாநகர மன்றம் சட்டம் கொண்டுவரப் போகிறது. அடுத்த மாதம் பொது விசாரணை. எனக்கு அந்தச் சட்டத்தில் உடன்பாடு இல்லை. விசாரணையில் பேசும்படி நான் போகும் கிறிஸ்தவ சபையில் கேட்கிறார்கள். பேசினால் வேலை போய்விடுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் அணியைக் கூட்டி ஜெபிப்பது என் வழக்கம். இதுவரை யாரும் மறுப்புச் சொன்னதில்லை. அதைத் தொடரலாமா?

பதில்: ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் வேண்டும் என்று நினைப்பவன் நான். அதனால் உங்கள் உரிமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பேச உரிமை இருக்கிறது. பேசியதற்காக ஓர் அரசுப் பல்கலைக்கழகம் உங்களை வெளியே அனுப்புவது அத்தனை எளிதல்ல. எனக்குக் கவலை தருவது உங்கள் இரண்டாவது கேள்விதான். ஆனால் நாள் குறித்திருப்பது முதல் கேள்விக்கு என்பதால் அதை முதலில் பார்ப்போம்.

உங்களுக்கு முன்னால் இதே இடத்தில் நின்றவர் ஒருவர் உண்டு. அவர் ரான் பிரவுன், நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர். தன் விசுவாசத்தை ஒருநாளும் மறைத்துக்கொண்டவர் இல்லை. 2011 நவம்பரில் நெப்ராஸ்கா அணி பென் ஸ்டேட் பல்கலைக்கழக மைதானத்துக்கு ஆடப் போனது. சிறுவர்கள்மீது நடந்த பாலியல் கொடுமை அம்பலமாகி அந்தப் பல்கலைக்கழகமே உடைந்து போயிருந்த வாரம் அது. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணிகளும் மைதானத்தின் நடுவில் மண்டியிட, பிரவுன் ஜெபம் செய்தார். நாடே உருகிப் பாராட்டியது.

நான்கு மாதம் கழித்து, 2012 மார்ச்சில், நெப்ராஸ்காவின் ஒமாகா மாநகர மன்றத்தில் அதே பிரவுன் மைக் முன்னால் நின்றார். விவாதம் கிட்டத்தட்ட உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பற்றியதுதான். அங்கே பேச வருபவர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அவர் சொன்ன முகவரி மெமோரியல் ஸ்டேடியம், அதாவது பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானம். அப்புறம் வேதாகமத்தை வைத்து அந்தச் சட்டத்தை எதிர்த்தார். இதற்கு உறுப்பினர்கள் கடவுளிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பொருளிலும் பேசினார். மன்றம் 4-3 என்ற கணக்கில் சட்டத்தை நிறைவேற்றியது. அவரை நீக்கச் சொல்லி எதிர்ப்பு கிளம்பியது. பல்கலைக்கழக வேந்தர், பிரவுனின் கருத்து தனக்கு ஏற்புடையதல்ல என்றார். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்றும், பல்கலைக்கழகத்தின் சார்பில் பேசுவதுபோலத் தோன்றவிட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னார். பிரவுனுக்கு வேலை போகவில்லை.

இதில் எனக்கு அந்த முகவரிதான் முக்கியம். வீட்டு முகவரியைச் சொல்லியிருந்தால் அவர் ஒரு குடிமகன். மைதானத்தின் முகவரியைச் சொன்ன நொடியில் பல்கலைக்கழகத்தையும் கூடவே மைக் முன்னால் நிறுத்திவிட்டார். அதற்கு இருபது வருடம் முன்பு கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்ததும் இதேதான். 1990இல் தேசியப் பட்டம் வாங்கித் தந்த தலைமைப் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி, ஓரினச் சேர்க்கையாளர்களுக்கான பாதுகாப்புகளைத் தடுக்கும் மாநிலத் திருத்தத்தை ஆதரித்து 1992 பிப்ரவரியில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். சந்தித்த இடம் பல்கலைக்கழக வளாகம், உடம்பில் இருந்ததும் பல்கலைக்கழகப் பெயர் போட்ட ஸ்வெட்டர். அவருக்குக் கண்டனம் வந்தது. வேலை போகவில்லை, 1994 பருவம் முடிய அவர்தான் பயிற்சியாளர். அவர் ஆதரித்த திருத்தம் மக்கள் வாக்கில் வென்றது, 1996இல் உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போனது.

சட்டம் இதை எப்படி எடை போடுகிறது? இல்லினாய்ஸில் பிக்கரிங் என்ற ஆசிரியர், பள்ளி வாரியம் பணத்தைச் செலவழித்த விதத்தைக் குறைகூறிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வேலையை விட்டு நீக்கினார்கள். 1968இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரசு ஊழியர் ஒரு குடிமகனாக, பொது விஷயம் ஒன்றைப் பற்றிப் பேசினால், அவருடைய பேச்சுரிமை ஒரு தட்டிலும் அலுவலகத்தின் வேலை கெடாமல் இருக்க வேண்டிய தேவை மறு தட்டிலும் வைக்கப்படும். 2006இல் கார்செட்டி வழக்கில் இன்னொரு கோடு விழுந்தது. வேலைக் கடமையின் பகுதியாகப் பேசும் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மாநகர மன்றத்தில் ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசுவது பொது விஷயம்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. குடிமகனாகப் பேசினீர்களா, பயிற்சியாளராகப் பேசினீர்களா என்பதில்தான் வழக்கே சிக்கும்.

அதனால் விசாரணைக்குப் போகும்போது பல்கலைக்கழகச் சின்னம் போட்ட சட்டை, தொப்பி, அடையாள அட்டைப் பட்டி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். வேலை நேரத்தில் போகாதீர்கள். வேண்டுமானால் விடுப்பு எழுதிக் கொடுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து பெயர் பதியாதீர்கள். "நான் இந்த ஊர்வாசி, இது என் சொந்தக் கருத்து" என்று முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். என்ன வேலை என்று கேட்டால் மறைக்க வேண்டாம், சொல்லிவிட்டு அதற்காகப் பேச வரவில்லை என்றும் சொல்லுங்கள். வீராங்கனைகளையும் வீரர்களையும் பார்வையாளர் வரிசையில் உட்காரக் கூப்பிடவே கூடாது. அணியில் உள்ள யாரையும் பற்றி, பெயர் சொல்லாவிட்டாலும், உதாரணம் காட்டக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் அணியில் ஓடும் ஒருவர் அந்தச் சட்டம் காக்க நினைக்கிற ஆளாக இருக்கலாம்; உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். அவர் மறுநாள் காலை ஆறு மணிப் பயிற்சிக்கு உங்கள் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும்.

மறு தட்டில் பல்கலைக்கழகம் வைக்கப்போவதும் அதைத்தான். "இவர் அணியில் எல்லோரையும் சமமாக நடத்துவார் என்ற நம்பிக்கை போய்விட்டது, புதிய மாணவர்கள் வர யோசிக்கிறார்கள்" என்று வாதிடும். நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய குழப்பத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழப்பம் நடந்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெளியே கூச்சல் போடுகிறார்கள் என்பது மட்டுமே போதுமா என்றால், எல்லா நீதிபதிகளும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. உங்களைக் காப்பாற்றக்கூடியது உங்கள் நடத்தைதான். தொடர் ஓட்டத்துக்கு ஆள் எடுத்ததெல்லாம் நேரக் கணக்கை வைத்துத்தான் என்று காட்டும் பதிவேடு இருந்தால், அது நூறு சாட்சிக்குச் சமம். இன்றே ஒழுங்குபடுத்தி வையுங்கள்.

துணைப் பயிற்சியாளர் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். "நீக்கவில்லை, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்" என்று சொல்லித் தப்ப முடியுமா? முடியாது. டெக்சாஸில் ஓர் இளநிலைக் கல்லூரியில் வருடாவருடம் ஒப்பந்தத்தில் இருந்த சிண்டர்மன் என்ற ஆசிரியரின் வழக்கில், நிரந்தர வேலை இல்லாவிட்டாலும் பேசியதற்குத் தண்டனையாகப் புதுப்பிக்காமல் விட முடியாது என்று 1972இல் தீர்ப்பு வந்தது. ஆனால் 1977 தீர்ப்பு ஒன்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் பேசாமலே இருந்திருந்தாலும் வேறு காரணத்துக்காக இதே முடிவைத்தான் எடுத்திருப்போம் என்று அவர்கள் நிரூபித்தால் தப்பித்துவிடுவார்கள். ஆகவே இதுவரை உங்களுக்குத் தந்த மதிப்பீட்டு அறிக்கைகள், பாராட்டுக் கடிதங்கள் எல்லாவற்றின் நகலையும் முறைப்படி கேட்டு வாங்கி வையுங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, குடியுரிமை இல்லாதவர்களுக்கும் அமெரிக்க மண்ணில் பேச்சுரிமை உண்டு என்பதை 1945லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறை வேறு. உங்கள் விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வழக்கு ஜெயிக்க வருடங்கள் ஆகும். உரிமை உங்கள் பக்கம் இருந்தும் பெட்டி கட்ட நேரிடலாம் என்பதை வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

சரி, ஜெபத்துக்கு வருவோம். ஜோ கென்னடி வழக்கை உங்கள் சபையில் யாராவது சொல்லியிருப்பார்கள். வாஷிங்டன் மாநிலம் பிரெமர்ட்டன் உயர்நிலைப் பள்ளியின் துணைப் பயிற்சியாளர், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் உள்ள 50 கஜக் கோட்டில் மண்டியிட்டு ஜெபித்தவர். 2015இல் பள்ளி அவரை விடுப்பில் அனுப்பியது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. "பயிற்சியாளர் ஜெபிக்கலாம் என்று தீர்ப்பே வந்துவிட்டது" என்று அதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். அந்தச் சுருக்கம் உங்களைக் குழியில் தள்ளிவிடும். நீதிமன்றம் பாதுகாத்தது 2015 அக்டோபரில் மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு அவர் செய்த ஜெபத்தை. ஆட்டம் முடிந்தபின், மாணவர்கள் வேறு வேலையில் இருந்தபோது, அவர்களைக் கூப்பிடாமல், தனக்காகச் செய்த சிறிய ஜெபம் என்றே பெரும்பான்மைத் தீர்ப்பு அதைப் பார்த்தது. மாணவர்களைக் கூட்டி நடத்திய ஜெபத்தை அவர் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். அது தொடர்ந்திருந்தால் வழக்கின் போக்கே மாறியிருக்கும்.

நீங்கள் செய்வது அந்த நிறுத்தப்பட்ட வகை. போட்டிக்கு முன், வேலை நேரத்தில், நீங்களே அணியைக் கூட்டி.

"மாணவர்கள் பெரியவர்கள்தானே, பள்ளிப் பிள்ளைகளா?" என்று கேட்பீர்கள். நீதிமன்றங்களும் இதை யோசித்திருக்கின்றன. நாஷ்வில்லில் உள்ள டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்தியாவிலிருந்து வந்த சௌத்ரி என்ற இந்துப் பேராசிரியர், விழாக்களில் ஜெபம் நடத்துவதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. ஒரு பேராசிரியர் பட்டமளிப்பு விழாவில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்கு என்ன நேரும் என்பதே அந்தத் தீர்ப்பின் தொனி. ஆனால் 2003இல் வர்ஜீனியா இராணுவக் கல்லூரி வழக்கில் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இரவுச் சாப்பாட்டு ஜெபத்தைத் தடை செய்தது. அங்கே கட்டளைக்குக் கீழ்ப்படிவதே வாழ்க்கை, வரிசையில் நிற்பவன் ஒதுங்கி நிற்க முடியாது என்பது காரணம்.

தடகள அணி இந்த இரண்டில் எதைப் போன்றது? என்னைக் கேட்டால் இராணுவக் கல்லூரியைப் போன்றது. எப்போது எழ வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள்தான் சொல்கிறீர்கள். ஸ்காலர்ஷிப் தொடருமா என்பதில் உங்கள் வார்த்தைக்கு எடை உண்டு. நானூறு மீட்டர் தொடர் ஓட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும், ஆறு பேர் இருக்கிறார்கள். ஐந்தாவது ஆளாக இருக்கும் பெண் உங்கள் வட்டத்தில் கைகோத்து நிற்கிறாள். கண்ணை மூடாமல் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கண்ணை மூடியிருப்பதால் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். யாரும் மறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிரெமர்ட்டனிலும் பல வருடம் யாரும் மறுக்கவில்லை. பின்னர்தான் ஒரு தந்தை வந்து, தன் மகனுக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை, சேர்ந்துகொள்ளாவிட்டால் ஆட வாய்ப்புக் குறையுமோ என்ற பயத்தில் சேர்ந்துகொண்டான் என்று சொன்னார்.

ஆகவே அணியைக் கூட்டி ஜெபிப்பதை இந்த வாரமே நிறுத்துங்கள். நீங்கள் தனியாக ஜெபிப்பதை யாரும் தடுக்க முடியாது. ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு நிமிடம் தலைகுனிந்து நில்லுங்கள். போட்டிக்கு முன் அணிக்கு அமைதி வேண்டும் என்றால் "ஒரு நிமிடம் மௌனம், அவரவர் விருப்பம்" என்று விடுங்கள். மாணவர்களே தாங்களாகக் கூடி ஜெபித்தால் அது அவர்கள் உரிமை, நீங்கள் ஏற்பாடு செய்யாதீர்கள், யார் வந்தார்கள் என்று கவனிக்காதீர்கள். பயிற்சி அறையில் சொன்னதுதானே, வெளியே போகாது என்றும் நினைக்காதீர்கள். 1993இல் சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கீத் டாம்பிரோட், வீரர்களை உற்சாகப்படுத்த இனவெறிச் சொல் ஒன்றை அவர்கள் சம்மதத்தோடுதான் சொன்னேன் என்றார்; வீரர்களே அவருக்காக வழக்கில் சேர்ந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பேச்சு விதி செல்லாது என்ற நீதிமன்றம், அவரைப் புதுப்பிக்காமல் விட்டது செல்லும் என்றது. அறைக்குள் நடந்த அந்தப் பேச்சு பொது விஷயம் பற்றியதல்ல என்பதே காரணம்.

இதெல்லாம் அரசுப் பல்கலைக்கழகத்துக்குத்தான் பொருந்தும். நாளைக்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் உங்களோடு வராது. அங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முதலில் பேசும். மத அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 1964 குடிமை உரிமைகள் சட்டம் தனியாருக்கும் உண்டு, ஆனால் மத நிறுவனங்களுக்கு அதில் விலக்குகள் இருக்கின்றன.

விசாரணைக்கு முன்னால் வேலைச் சட்டம் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை ஒரு மணி நேரம் பாருங்கள். ஒப்பந்தத்தையும், வெளிப்பேச்சு குறித்த பல்கலைக்கழக விதிகளையும் கையில் எடுத்துப் போங்கள். பேசியபின் உங்களை அழைத்து விசாரித்தால் அன்றே தேதியோடு எழுதி வையுங்கள். மதத்தின் பேரில் பாகுபாடு என்று சம வேலைவாய்ப்புக்கான மத்திய ஆணையத்தில் புகார் தர 180 நாள் கெடு, பல மாநிலங்களில் 300 நாள். அந்தக் கணக்கு முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஓடும், கடைசிச் சம்பள நாளிலிருந்து இல்லை.