வார்டில் தெரியும் வேலை வீட்டில் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: நர்சிங் கல்லூரியில் சமூக சுகாதாரச் செவிலியம் நடத்துகிறேன். வார்டில் சுறுசுறுப்பாக இருக்கும் மாணவிகள் ஹோம் விசிட் என்றால் திணறுகிறார்கள். லேபில் இருப்பது ஒரே ஒரு பொம்மை. அதை வைத்து சிமுலேஷன் பயிற்சி (நிஜம் போன்ற சூழலில் ஒத்திகை) கொடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதலில் அந்தப் பொம்மையை ஓரங்கட்டுங்கள். 1911-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை நர்சிங் பள்ளிக்கு வந்த ‘மிசஸ் சேஸ்’ என்ற பயிற்சிப் பொம்மையின் காலத்திலிருந்தே பொம்மை என்பது பெரும்பாலும் கட்டிலில் கிடக்கும் நோயாளிதான். உங்கள் மாணவிகளுக்கோ சிக்கல் ஊசியிலோ டிரெஸ்ஸிங்கிலோ இல்லை. வார்டில் கட்டில், டிராலி, நேரம் எல்லாம் நம் கையில். வீட்டில் நாம் விருந்தாளி. உட்காரவும் அலமாரியைத் திறக்கவும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். ஒத்திகை வேண்டியது அதற்குத்தான்.

லேபின் ஒரு மூலையை வீடாக்குங்கள். பழைய நாற்காலி, சத்தமாக ஓடும் டிவி, காலை இடறும் மிதியடி, மங்கலான விளக்கு. அவ்வளவு போதும். நோயாளி வேஷத்துக்கு ஓய்வுபெற்ற செவிலியர் யாரையாவது கூப்பிடுங்கள். ஆளையே நோயாளியாக நடிக்கவைக்கும் முறையை ஹோவர்டு பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963-லேயே தொடங்கிவிட்டார். வகுப்புத் தோழி மட்டும் வேண்டாம். இரண்டாவது நிமிடத்தில் இருவரும் சிரித்துவிடுவார்கள்.

நான் அடிக்கடி நடத்தும் காட்சி இது. சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்குக் கால் புண் டிரெஸ்ஸிங். என்ன கேட்டாலும் மகனே முந்திக்கொண்டு பதில் சொல்வார். மேசை டிராயரில் இரண்டு அட்டை மாத்திரை, இரண்டுக்கும் வெவ்வேறு பிராண்டு பெயர். உள்ளே இருப்பது சர்க்கரையைக் குறைக்கும் ஒரே மருந்து, கிளிமெபிரைடு. அம்மா இரண்டையும் விழுங்குகிறார், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறது. நெற்றியில் தண்ணீர் தெளித்து வியர்வை காட்டுவோம், விரல் லேசாக நடுங்கும். பல மாணவிகள் பையை ஒழுங்காகத் தாள் விரித்து வைப்பார்கள், கை கழுவுவார்கள், அழகாகக் கட்டுப் போடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர் குளுக்கோமீட்டரை எடுப்பார். ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அளவு ஏறியதும் கிளம்பிவிடுகிறாரா என்று பாருங்கள். இந்த மாத்திரையால் சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். டாக்டருக்குச் சொல்லாமல் அந்த வீட்டை விட்டு வரக் கூடாது.

அந்த நேரத்தில் நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம் (எனக்கும்தான்). மதிப்பெண் கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காட்சி 15 நிமிடம் என்றால் பிறகு பேசுவதற்கு 30 நிமிடம் ஒதுக்குங்கள். கற்றல் நடப்பது அங்கேதான். “ஏன் டிராயரைப் பார்க்கலை?” என்றால் மாணவி தலைகுனிவார். “டிராயர் பாதி திறந்திருந்தது, நீ அந்தப் பக்கம் போகலை. அப்போ மனசுல என்ன ஓடிச்சு?” என்று கேளுங்கள். “மகன் தப்பா நினைப்பாரோன்னு பயம் மேடம்” என்று பதில் வரும். அறிவுக் குறை என்று நாம் நினைத்தது தயக்கம் என்று தெரியும். அனுமதி கேட்கும் வாக்கியத்தை அங்கேயே சொல்லிப் பழகச் செய்யலாம்.

நிர்வாகம் தயங்கினால் ஒரு சான்று: அமெரிக்காவில் 10 நர்சிங் கல்விக்கூடங்களில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், கிளினிக்கல் நேரத்தில் பாதி வரை சிமுலேஷனுக்குக் கொடுத்தும் உரிமத் தேர்வுத் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் முறையான கலந்துரையாடலும் அங்கே இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இதைக் காட்டி நிஜ ஹோம் விசிட்டைக் குறைக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒரே காட்சியை இரண்டு முறை நடத்துங்கள், கலந்துரையாடலுக்கு முன்னும் பின்னும். இரண்டு முறையும் கடைசியில் நோயாளியாக நடித்தவரிடம் ஒரு கேள்வி: “இந்தப் பொண்ணை மறுபடி உங்க வீட்டுக்குள்ள விடுவீங்களா?”