மூன்றாவது தோசை வேண்டாம் அத்தை: கர்ப்பகால எடை, கேள்வி பதில்

கர்ப்பகாலச் சாப்பாடு, எடை பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. பலர் என்னை டாக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, மகப்பேறு மருத்துவமனையில் வேலை பார்க்கும் டயட்டீஷியன். மருந்து, மாத்திரையை மாற்றுவது உங்கள் மருத்துவர் வேலை.

ஐந்தாம் மாதம். உயரம் 158 செ.மீ. கர்ப்பத்துக்கு முன் 54 கிலோ, இப்போது 58. "ரெண்டு உயிர், ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று மாமியார் தட்டில் மூன்றாவது தோசையை வைக்கிறார். நான் எவ்வளவு ஏறலாம்?

நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு, 21.6. இந்த அளவு உள்ளவர்கள் பிரசவம் வரை மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம். முதல் மூன்று மாதத்தில் ஒன்று, இரண்டு கிலோ ஏறினால் போதும். அதன்பின் வாரத்துக்கு 400 கிராம் சுமாராக ஏறும். முதலிலேயே ஒல்லியாக, பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருந்தவர்கள் 12.5 முதல் 18 கிலோ வரை போகலாம்.

ஏறுவது எல்லாம் கொழுப்பு என்று பயப்பட வேண்டாம். குழந்தை மூன்று கிலோ. நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் சேர்ந்து ஒன்றரை. கூடுதல் ரத்தம் ஒன்றரை. பெரிதான கர்ப்பப்பை ஒரு கிலோ. மீதி மார்பிலும் உடம்பு நீரிலும், தாய்ப்பாலுக்கான சேமிப்பாகவும் போகிறது.

இரண்டு பேர் கணக்குக்கு வருவோம். நாலாம் மாதத்திலிருந்து தினமும் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரிதான். இரண்டு இட்லி, ஒரு கரண்டி சாம்பார், ஒரு டம்ளர் பால். முடிந்தது இரண்டாவது ஆளின் பங்கு! அத்தையிடம் சண்டை போடாதீர்கள். மூன்றாவது தோசைக்குப் பதில் ஒரு அவித்த முட்டை கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்.

152 செ.மீ., 72 கிலோ. இப்போதுதான் நாள் தள்ளிப்போய் உறுதியாகியிருக்கிறது. உடனே டயட் இருந்து எடையைக் குறைத்துவிடட்டுமா?

வேண்டாம். இது எடை குறைக்கிற காலம் இல்லை. உங்கள் பி.எம்.ஐ. 31, முழுக் கர்ப்பத்துக்கும் 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும், அதுதான் உங்கள் இலக்கு. பட்டினி கிடக்காமல் சாதத்தை ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் பொரியலும் சுண்டலும் வையுங்கள். ஜூஸுக்குப் பதில் பழமாகவே சாப்பிடுங்கள். மாலை டீயோடு வருகிற பஜ்ஜி, பிஸ்கட்டை நிறுத்தினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூன்றாம் மாதம். எது சாப்பிட்டாலும் வாந்தி. 49 கிலோவில் 2 கிலோ போய்விட்டது.

எழுந்ததும் பொரியோ வறுத்த ரொட்டியோ நாலு வாய், அப்புறம்தான் தண்ணீர். சூடான சாப்பாட்டின் வாசனைதான் பலருக்குப் புரட்டுகிறது. ஆறிய தயிர்சாதம் உள்ளே நிற்கும். சத்துக் கணக்கெல்லாம் இப்போது வேண்டாம், நிற்பதைச் சாப்பிடுங்கள். ஆனால் எடையில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். உங்களுக்கு அது இரண்டரை கிலோ, அதாவது கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். இந்த வாரமே காட்டுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் அன்றைக்கே.

குங்குமப்பூ, பப்பாளி?

குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது. பப்பாளிக் காயைத் தவிருங்கள், அதில் பால் இருக்கிறது. நன்றாகப் பழுத்ததை அளவாகச் சாப்பிடலாம்.

குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 152. நான் சர்க்கரையே தொடுவதில்லை, காலையில் ராகிக் கஞ்சிதான். எப்படி?

இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது எனக்கு வரும். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கிற இந்தச் சோதனை நம்மூரில் பரவக் காரணம் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள், ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிற இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை.

ராகி நல்லதுதான், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். ஆனால் நைசாக அரைத்து, கரைத்து, காய்ச்சிக் குடிக்கும்போது அது வயிற்றில் நிற்காமல் ஓடி ரத்தத்தில் ஏறிவிடும். அதே ராகியை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டினால் மெதுவாக ஏறும். அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் சேர்ந்தே வருகிறது, அதையும் கவனியுங்கள். கருப்பட்டியும் தேனும் சர்க்கரைக்கு ஒன்றுவிட்ட தம்பிகள்தான்.

சோற்றை அடியோடு நிறுத்தாதீர்கள். மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் முட்டை, மீன், பருப்பு, தயிர் ஏதாவது ஒன்று இருக்கட்டும். சாப்பிட்டதும் கால் மணி நேரம் மொட்டைமாடியில் நடங்கள். இரண்டு வாரம் எடை நின்றால் பதறாதீர்கள், ஸ்கேனில் குழந்தை வளர்ந்தால் சரி.

இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு போடுகிறேன், பரவாயில்லையா?

போட்டும் போடாததுபோல்தான். காபி, டீ, பால் மூன்றும் இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவது சகஜம்.

எட்டாம் மாதம். ஒரே வாரத்தில் 2 கிலோ. மோதிரம் கழற்ற வரவில்லை, தலைவலி. உப்பைக் குறைக்கட்டுமா?

உப்பு இருக்கட்டும். இதைப் படித்தவுடன் போய் பி.பி. பாருங்கள், சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். இரவானாலும் போங்கள். இது சாப்பாட்டில் ஏறிய எடை போலத் தெரியவில்லை.

அடுத்த வாரம் வளைகாப்பு. ஏழு வகைச் சாதம், பலகாரம், அப்புறம் அம்மா வீடு. எடை எகிறிவிடுமே?

வளைகாப்பு அன்று எல்லாம் சாப்பிடுங்கள், ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. எடை ஏறுவது அதற்கடுத்த மூன்று மாதத்தில். அம்மா வீட்டுக்கு எடை பார்க்கும் மெஷினையும் எடுத்துப்போங்கள். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்துக் குறித்து வையுங்கள். அரை கிலோ என்றால் அம்மா சமையல் அப்படியே தொடரட்டும். தொடர்ந்து ஒரு கிலோ என்றால் செக்கப்பில் சொல்லுங்கள், மிச்சமிருக்கும் அதிரசத் தூக்கைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.