ஒற்றைக் கோடு வைஃபைக்கு யுஎஸ்பி அடாப்டர் கைகொடுக்குமா?

கேள்வி: ரவுட்டர் முன்னறையில் இருக்கிறது. நான் கடைசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். நடுவில் இரண்டு சுவர்கள். லேப்டாப்பில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது, வீடியோ அழைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. அதே மேஜையில் மொபைலை வைத்தால் ஓரளவு நன்றாகவே வருகிறது. யுஎஸ்பி வைஃபை அடாப்டர் மாட்டினால் சரியாகுமா? எந்த மாதிரி வாங்குவது?

பதில்: விடையில் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதே மேஜையில் மொபைலுக்கு நன்றாகக் கிடைக்கிறது என்றால், ரவுட்டரின் அலை அந்த அறை வரை வந்து சேர்கிறது என்று அர்த்தம். லேப்டாப்பால்தான் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. இந்த நிலைமைக்கு அடாப்டர் பொருத்தமான மருந்து. மொபைலும் சேர்ந்து திணறியிருந்தால், முதலில் ரவுட்டரை இடம் மாற்றிப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நகம் அளவு இருக்கும் குட்டி அடாப்டரை, அதாவது டாங்கிளை, மட்டும் வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் ஓரத்தில், உயரமான இடத்தில் பதிந்திருக்கும். அதுவும் பெரும்பாலும் இரண்டு இருக்கும். குட்டி டாங்கிளுக்குள் இருப்பதோ பெரும்பாலும் சர்க்யூட் பலகையின் ஓரத்தில் அச்சடித்த சின்னஞ்சிறு ஆன்டெனா. அதை லேப்டாப்பின் இடுப்பில், மேஜைப் பலகையோடு ஒட்டி மாட்டுகிறோம். பழையதைவிட மோசமாகிவிட்டதே என்று பலர் நொந்துகொள்வது இதனால்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா உள்ளதை, முடிந்தால் இரண்டு ஆன்டெனா உள்ளதை எடுங்கள். வைஃபை என்பது இருவழிப் பேச்சு. ரவுட்டர் சொல்வது உங்களுக்குக் கேட்டால் போதாது, உங்கள் பதிலும் அதற்குக் கேட்க வேண்டும். நல்ல ஆன்டெனா இரண்டு பக்கமும் உதவும்.

கூடவே ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளும் வாங்குங்கள். என் அனுபவத்தில் பாதிப் பலன் அந்தக் கேபிளில்தான் இருக்கிறது. என் கம்ப்யூட்டரின் பெட்டி மேஜைக்கு அடியில் இருக்கும். அடாப்டரை அதன் பின்பக்கம் செருகியிருந்தேன். ஒரு பக்கம் இரும்புப் பெட்டி, மறுபக்கம் சுவர், நடுவில் அடாப்டர். சிக்னல் அளவு -78 டிபிஎம் (வந்து சேரும் அலையின் சக்தியை அளக்கும் அலகு). அதே அடாப்டரை ஒன்றரை மீட்டர் கேபிளில் இழுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். -64 ஆனது. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இந்த அளவுகோலில் 10 கூடினால் 10 மடங்கு என்று கணக்கு. 14 என்றால் வந்து சேரும் சக்தி ஏறக்குறைய 25 மடங்கு. அடாப்டரை மாற்றாமல், அதன் இடத்தை மட்டும் மாற்றிக் கிடைத்தது இது.

இந்த எண்களைப் பார்க்க வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்று போதும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -50 என்றால் அருமை. வீடியோ அழைப்பு தடங்கல் இல்லாமல் ஓட -67 வரை இருக்கலாம். -80 வந்துவிட்டால் இணைப்பு அறுந்து அறுந்துதான் ஓடும். வைஃபை ஓடும் பேண்டுகளில் (அலைவரிசைகளில்) ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். அதன் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடும், பக்கத்திலேயே இன்னோர் இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். அதனால் அடாப்டரை நாலு விரல் அகலம் நகர்த்தினாலே எண் மாறுவதைப் பார்க்கலாம். அவசரப்படாமல், ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால், இரும்பு பீரோ பக்கத்தில், மீன் தொட்டி ஓரத்தில் வேண்டாம்.

கேபிளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மின் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அடாப்டர் அந்தப் போர்ட்டை விட்டுத் தள்ளிப் போகப் போக இரைச்சல் குறையும். கேபிள் ஒன்று ஒன்றரை மீட்டர் இருந்தால் போதும். ரொம்ப நீளமானால் அடாப்டருக்குப் போக வேண்டிய மின்சாரம் குறைந்து, அதுவே புதுத் தலைவலியாகும்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏசி1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் நொடிக்கு 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் 867 என்று இரண்டு வேகத்தையும் கூட்டி, முழு எண்ணாக்கிச் சொல்வது. ஒரு நேரத்தில் நீங்கள் இருப்பது ஒரு பேண்டில்தான். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் காகிதத்தில்கூட 480ஐத் தாண்டாது. உங்கள் ரவுட்டரால் முடியாத வேகத்தை எந்த அடாப்டராலும் தர முடியாது. இரண்டு பேண்டும் பிடிக்கும் அடாப்டராக இருந்தால் சரி. இரண்டு சுவருக்கு அப்பால் 5 பெரும்பாலும் இளைத்துப் போகும், 2.4 தாக்குப்பிடிக்கும். வேகம் கொஞ்சம் குறைவென்றாலும் வீடியோ அழைப்புக்கு அது தாராளம். அக்கம்பக்கத்து வைஃபைகளும் 2.4இல் நெருக்கினால், ரவுட்டர் அமைப்பில் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள்.

சில அடாப்டர்களைச் செருகியதும் கம்ப்யூட்டர் அதை சிடி டிரைவ் என்று காட்டும். பயப்பட வேண்டாம், டிரைவர் மென்பொருள் அதற்குள்தான் இருக்கிறது. அதைத் திறந்து நிறுவினால் வைஃபையாக மாறிக்கொள்ளும். டிரைவரை இணையத்திலிருந்து இறக்க வேண்டி வந்தால், மொபைலை யுஎஸ்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கம்ப்யூட்டருக்குப் பகிரும் டெதரிங் போட்டுக்கொள்ளலாம். அப்புறம், பலர் மறந்துவிடும் ஒரு வேலை: விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் லேப்டாப்பின் பழைய வைஃபையை முடக்கிவிடுங்கள். இல்லையென்றால் புது அடாப்டர் சும்மா இருக்க, லேப்டாப் பழையதிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அங்கேயே புது அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்க அனுமதிக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பு காரணமே இல்லாமல் அறுந்தால் பல நேரம் இதுதான் காரணம்.

இவ்வளவு செய்தும் எண் -75ஐத் தாண்டி மேலே வரவில்லை என்றால், அதைவிடப் பெரிய அடாப்டரைத் தேடி அலையாதீர்கள். ரவுட்டரிலிருந்து உங்கள் அறைக்கு ஓர் ஈதர்நெட் கேபிளை ஓரமாக இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், சுவர் எத்தனை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.