1929 பங்குச்சந்தை வீழ்ச்சியால் மட்டும்தான் அமெரிக்காவில் பெருமந்தம் (1930-களின் கடும் பொருளாதாரச் சரிவு) வந்ததா?

இல்லை. சந்தை வீழ்ச்சி தொடக்கம்தான். நாட்டை முடக்கியது வங்கிகளின் சரிவு. அப்போது டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் காப்பீடு கிடையாது. ஒரு வங்கி தள்ளாடுகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும், வாசலில் கூட்டம் கூடிவிடும். ரொக்கம் தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். வரிசையின் கடைசியில் நின்றவரின் வாழ்நாள் சேமிப்பு உள்ளே மாட்டிக்கொள்ளும். 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் இப்படி மூழ்கின. நாட்டின் பண அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. பொருள் விலை இறங்கியது, கடன் இறங்கவில்லை. பாவம், எத்தனையோ விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள்.

1930-இல் கூட்டிய இறக்குமதி வரி வணிகத்தையும் கெடுத்தது. சரி, மத்திய வங்கி என்ன செய்தது? வெளிநாட்டினர் டாலரைத் தங்கமாக மாற்றி எடுத்துச் செல்வதைத் தடுக்க 1931 அக்டோபரில் வட்டியை உயர்த்தியது! என் பார்வையில் மன்னிக்கவே முடியாத தவறு அது. 1933-இல் ஏறத்தாழ நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை.