பேரனுக்கு ‘ஆதன்’ என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: ஐயா, என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து 16 நாள் ஆகிறது. கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த நாளிலிருந்தே, மகன் பிறந்தால் ‘ஆதன்’ என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்று மருமகன் சொல்லிவந்தார். எங்களுக்கும் பிடித்திருந்தது. இப்போது சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் அகராதியைக் கொண்டுவந்து, ‘ஆதன் என்றால் குருடன், அறிவில்லாதவன்’ என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார். மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். தொட்டிலில் இடும் நாள் நெருங்குகிறது. இது நல்ல பெயர்தானா? நல்ல பெயர் என்றால் ஏன் ஒருவரும் வைப்பதில்லை?
- ஒரு வாசகி, மானாமதுரை

பதில்: அம்மா, முதலில் மகளின் கண்ணைத் துடைத்துவிடுங்கள். நல்ல பெயர், மிக நல்ல பெயர்.

பெரியவர் காட்டியதும் பொய்யில்லை. அகராதியில் அந்தப் பொருள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் படித்த சங்கப் பாடல்களில் ‘ஆதன்’ ஆளின் பெயராகவே வருகிறது. வசையாக எங்கும் கண்டதில்லை. ‘அறிவில்லாதவன்’ என்பது பிற்கால வழக்கு. ‘மடம்’ என்றால் அறியாமை என்றும் அகராதி சொல்கிறது, துறவியர் வாழும் இடம் என்றும் சொல்கிறது. எழுத்து ஒன்றாக இருப்பதால் சொல் ஒன்றாகிவிடாது. ஆதன் என்ற பெயரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் இந்தப் பெயர் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குத் தொல்காப்பியமே சான்று. ‘ஆதன்’, ‘பூதன்’ என்ற இரண்டு பெயர்களுக்கென்று எழுத்ததிகாரத்தில் தனியாக ஒரு நூற்பா இருக்கிறது. ஆதனுடைய தந்தையைக் குறிக்க ‘ஆதன் தந்தை’ என்று நீட்டிச் சொல்லாமல் ‘ஆந்தை’ என்று சுருக்குவார்கள். பூதனின் தந்தை ‘பூந்தை’ ஆவார். தெருவுக்கு ஓர் ஆதன் இருந்து, அவனுடைய அப்பாவை ஊரார் நாள்தோறும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்த பிறகுதானே இலக்கணக்காரர் அதற்கு விதி எழுத உட்கார்ந்திருப்பார்? வகுப்பில் இந்த நூற்பாவை நடத்தும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். மகன் பெயரால் தந்தை அறியப்படுகிறான்!

அப்படி அறியப்பட்ட ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும்: பிசிராந்தையார். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் இருந்தவர். உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனோடு, நேரில் பார்க்காமலேயே உயிர்நட்புக் கொண்டவர். இலக்கண வழியில் அவர் பெயரைப் பிரித்தால் ‘பிசிரில் உள்ள ஆதனின் தந்தை’ என்று வரும். வயது இவ்வளவு ஆகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று அவரைக் கேட்டார்கள். அதற்கு அவர் சொன்ன விடை புறநானூற்றின் 191-ஆம் பாட்டு. நரையில்லாததற்குக் காரணங்களை அடுக்கும்போது அவர் முதலில் சொல்வது, ‘மாண்ட என் மனைவியொடு மக்களும் நிரம்பினர்’ என்பது. இங்கே ‘நிரம்பினர்’ என்பதற்கு அறிவு நிரம்பியவர்கள் என்று பழைய உரை பொருள் சொல்கிறது. அப்படியானால், தந்தைக்கு நரை வராமல் காத்த அந்தப் பிள்ளைகளில் ஒருவன் ஆதன்! சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் இந்தப் பாட்டை மரியாதையாக எடுத்துக் காட்டுங்கள். அகராதியைத் தேடிப் பிடித்தவர் பாட்டையும் விரும்பிப் படிப்பார்.

அரசர்களுக்கும் இது பெயர். கபிலர் பாடிய சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதன். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பெயரிலும் ‘ஆதன்’ இருக்கிறது. ஆனால் என்னை நெகிழ வைப்பவை அரண்மனைப் பெயர்கள் அல்ல. உங்கள் மருமகன் பார்த்தது போன்ற பானை ஓடுகள்தாம். கீழடியில் ‘ஆதன்’ என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறிய ஓடு கிடைத்தது. ‘குவிரன் ஆத’ என்ற அளவில் உடைந்து நிற்கும் ஓடும் அங்கே உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் ‘கண்ணன் ஆதன்’ என்று ஓர் ஓடு. இப்படிப்பட்ட ஓடுகளில் பெரும்பாலானவை பானையைச் சுட்ட பிறகு கூரிய முனையால் கீறப்பட்டவை. குயவர் எழுதியது என்பதைவிட, வாங்கிக்கொண்டு போனவர் இது என்னுடையது என்று கீறிவைத்தது என்பதே பொருத்தம். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களில் பெயர் வெட்டி வைப்பதில்லையா, அது போல. 2023-இல் கீழடி அருங்காட்சியகம் திறந்த சில மாதங்களில் நானும் போனேன். ஓடுகள் இருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன். கோணலும் மாணலுமான அந்தக் கீறல்கள் என் மாணவர்களின் சிலேட்டை நினைவுபடுத்தின. பானை வைத்திருந்த குடியானவனும் ஆதன், நாடாண்ட சேரனும் ஆதன். இரு பக்கமும் இப்படிப் பொருந்தி உட்காரும் பெயர் எளிதில் கிடைக்காது.

ஏன் இப்போது வைப்பதில்லை என்று கேட்டீர்கள். 34 ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டவன் நான். ஆதித்தன், ஆதவன், ஆதிமூலம் எல்லாரும் ‘உள்ளேன் ஐயா’ சொல்லியிருக்கிறார்கள். ஆதன் ஒருவன்கூட இல்லை. பக்தி இயக்கக் காலத்துக்குப் பின் இறைவன் பெயர்களும் அடியார் பெயர்களும் வீட்டுக்கு வீடு வந்தன. ஆதன், பூதன், கொற்றன், கீரன் போன்ற பழம்பெயர்கள் ஒதுங்கிவிட்டன. ஆகவே உங்கள் பேரன் பள்ளிக்குப் போனால், இன்னொரு ஆதனோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கத் தலைப்பெழுத்தைச் சேர்த்துக் கூப்பிட வேண்டிய தேவை அநேகமாக வராது. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் முதலில் இரண்டு ‘ஏ’ போடுங்கள். ஒன்றைப் போட்டால் ‘அதன்’ என்று படித்துவிடுவார்கள்.

அவசரமும் வேண்டாம். குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட்டால் போதும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவர் மனம் இசையும்வரை காத்திருக்க நேரம் இருக்கிறது. இசைந்த பிறகு, தொட்டிலில் இடும் நாளில் குழந்தையின் காதில் நீங்கள் சொல்ல ஒரு வரி தருகிறேன். ஓரம்போகியார் பாடிய ஐங்குறுநூற்று முதல் பத்துப் பாட்டும் இப்படித்தான் தொடங்குகின்றன: ‘வாழி ஆதன் வாழி அவினி’ (ஆதன் அவினி என்பவன் ஒரு சேர மன்னன்). முதல் பாட்டில் இதை அடுத்து வருவது, ‘நெற்பல பொலிக! பொன்பெரிது சிறக்க!’ பாட்டி வாயால் சொல்ல இதைவிட என்ன வாழ்த்து வேண்டும்?

கேள்வி: என் மகனுக்குச் ‘சேரலாதன்’ என்று பெயர் வைத்தோம். பள்ளியில் ‘சேரல்’ என்று சுருக்கிவிட்டார்கள். பெயர் சிதைந்துவிட்டதா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: சிதையவில்லை. சேரல், ஆதன் இரண்டும் சேர்ந்ததே சேரலாதன். பள்ளியில் முன்பாதியை எடுத்துக்கொண்டார்கள். பின்பாதி உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கல்லில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை வேலாயுதம்பாளையத்துக்கு அழைத்துப் போங்கள். புகளூர் ஆறுநாட்டார் மலையில் சமண முனிவர் தங்கிய குகைத்தளத்தில், ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’ என்ற சேர மன்னனின் பெயர் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அவன் மகன் பெருங்கடுங்கோன், பேரன் இளங்கடுங்கோ எனத் தாத்தா, அப்பா, பேரன் மூவரும் அந்த ஒரே கல்வெட்டில் இருக்கிறார்கள். போவதற்கு முன் ஆ, த, ன் ஆகிய மூன்று எழுத்துகளின் தமிழி வடிவத்தை ஒரு தாளில் வரைந்து மகன் கையில் கொடுத்துவிடுங்கள். ‘கோ’வுக்கு அடுத்துத் தேடச் சொல்லுங்கள், அவனே கண்டுபிடித்துவிடுவான்.