டேகேர் குழந்தைகளுக்கு என்ன கலை வேலை கொடுக்கலாம்? மயிலை விடுங்கள், மாவைப் பிடியுங்கள்

கேள்வி: கோவையில் வீட்டிலேயே சின்னதாக ஒரு டேகேர் நடத்துகிறேன். ஒன்றரை வயது முதல் நாலரை வயது வரை ஆறு குழந்தைகள். உதவிக்கு ஒரு அக்கா இருக்கிறார். "இன்னைக்கு என்ன ஆக்டிவிட்டி?" என்று பெற்றோர் தினமும் வாட்ஸ்அப்பில் கேட்பதால் பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி, காகிதத் தட்டில் மயில் என்று ஏதாவது செய்து அனுப்புகிறேன். உண்மையைச் சொன்னால் முக்கால்வாசி வேலை என்னுடையதுதான். பெயிண்ட் கொடுத்தால் சின்னது வாயில் வைக்கிறது, பெரியது எல்லாவற்றையும் கலந்து பழுப்பாக்கிவிடுகிறது. இருப்பது வாடகை வீடு, தரை கறையானால் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். என்னதான் செய்வது?

பதில்: முதலில் அந்த ஆட்டுக்குட்டியையே எடுத்துக்கொள்வோம். அட்டையை வெட்டியது நீங்கள், பசை தடவியது நீங்கள், கண் வரைந்தது நீங்கள், "இங்க வை கண்ணா" என்று காட்டிய இடத்தில் குழந்தை பஞ்சை வைத்து அழுத்தியது. அதன் பங்கு அவ்வளவுதான், அதுவும் சில நொடிகள். இப்போது ஆட்டை விட்டுவிட்டு பஞ்சையும் பசையையும் மட்டும் வைத்துப் பாருங்கள். ஒரு பழைய காலண்டர் அட்டை, ஒரு கிண்ணத்தில் மைதாப் பசை, ஒரு பெரிய சுருள் பஞ்சு. குழந்தை பஞ்சை இழுக்கும், அது நீண்டுகொண்டே போய்ப் பிய்வதைப் பார்க்கும், பசையில் முக்கும், வெள்ளையாகப் பொசுபொசுவென்று இருந்தது நனைந்து சுருங்கிப்போனதைக் கண்டு உங்கள் முகத்தைப் பார்க்கும், அட்டையில் ஒட்டுவதற்குப் பதிலாக விரலில் ஒட்டிக்கொண்டதை உதறிப் பார்க்கும். கால்மணி நேரம்கூட இதில் போகலாம். கடைசியில் அட்டையில் இருப்பது ஆடு மாதிரி இருக்காது, எது மாதிரியும் இருக்காது. ஆனால் அதில் இருப்பது முழுக்க அந்தக் குழந்தையின் வேலை. நான் சொல்ல வருவது இதைத்தான்: இந்த வயதில் செய்து முடித்த பொருளுக்கு மதிப்பில்லை, செய்கிற நேரத்துக்குத்தான் மதிப்பு. பொருளை எடுத்து வைத்துவிட்டு உங்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மயில் வராது என்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்புதான். மூன்று வயதில்கூட இரண்டு மூன்றுதான் எலும்பாக இறுகியிருக்கும், கடைசி எலும்பு இறுக ஒன்பது, பத்து வயதாவது ஆகும். ஒன்றரை வயதுக் குழந்தை கிரையானை முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்துத் தோளிலிருந்து கையை வீசும். அதற்கு வேண்டியது பெரிய காகிதம், குண்டுக் கிரையான். இரண்டரை வயது வாக்கில் முழங்கையும் மணிக்கட்டும் வேலைக்கு வரும், கோடுகள் சுழலும். மூன்றை ஒட்டி ஒருநாள் ஆரம்பித்த இடத்திலேயே கோட்டைக் கொண்டுவந்து சேர்த்து ஒரு வட்டத்தை மூடும். அது பெரிய விஷயம், தயவுசெய்து அன்றைக்குத் தேதி போட்டு வையுங்கள். நாலு வயதை நெருங்கும்போது அந்த வட்டத்துக்குள் கண் வரும், தலையிலிருந்தே நேராக இரண்டு கால் இறங்கும். ரோடா கெல்லாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழந்தைகளின் ஓவியங்களை லட்சக்கணக்கில் சேகரித்துப் பார்த்து, கிறுக்கல் என்று நாம் ஒதுக்குவதிலேயே 20 அடிப்படை வகைகளைப் பிரித்துக் காட்டினார். கிறுக்கிக் கிறுக்கித்தான் வட்டத்துக்கு வருகிறார்கள். நடுவில் நாம் மயிலைக் கொண்டுபோய் நுழைத்தால் கற்றுக்கொள்கிற ஒரே பாடம் "எனக்கு வராது, ஆன்ட்டி செய்வாங்க" என்பதுதான்.

சரி, வாடகை வீடு. தண்ணீரில் ஆரம்பியுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற இரண்டு அங்குல பிரஷ் ஆளுக்கு ஒன்று, ஒரு டம்ளர் தண்ணீர், நிழல் விழுகிற வாசல் சிமென்ட் தரை அல்லது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கம். மாடி என்றால் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். பூசிய இடம் கறுக்கும், கொஞ்ச நேரத்தில் வெளுத்துக் காணாமல் போகும், மறுபடி பூசுவார்கள். கறையே கிடையாது, ஒன்றரை வயதும் நாலரை வயதும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்யலாம். வாளியை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள். வாளியில் சாண் தண்ணீர் இருந்தாலே தவழ்கிற, தத்தி நடக்கிற குழந்தைக்கு ஆபத்து. டம்ளரில்தான் ஊற்றிக் கொடுக்க வேண்டும், தீர்ந்தால் நீங்கள் ஊற்றலாம்.

பெயிண்டை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளலாம். கோபி மஞ்சூரியனுக்குப் போடுகிற வெள்ளை கார்ன் ஃப்ளார் அரை கப், தண்ணீர் இரண்டு கப். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதியையும் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தால் கண்ணாடி மாதிரி பளபளத்துக் கெட்டியாகும். ஆறவைத்து, ஒரு கிண்ணத்தில் பீட்ரூட் சாறு, இன்னொன்றில் துளி மஞ்சள்தூள். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பீட்ரூட் கையில் இருந்து போய்விடும், மஞ்சள் துணியிலும் மொசைக்கிலும் பிடித்துக்கொள்ளும். அதனால் தரையில் பழைய பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் நியூஸ்பேப்பர், குழந்தைக்கு அப்பாவின் பழைய டி-ஷர்ட்டை முன்பின்னாக மாட்டிவிடுங்கள். ஈரத் துணியும் கைகழுவத் தண்ணீரும் ஆரம்பிக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும், பெயிண்ட் கையோடு குழந்தையை விட்டுவிட்டு நீங்கள் எழுந்து போகிற நிலைமையே வரக் கூடாது.

சாயத்துக்குக் கோலப்பொடி, குங்குமம், ஹோலிப் பொடி இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு, மூக்கில் ஏறும். குங்குமத்திலும் கலர்ப் பொடிகளிலும் ஈயம் கலந்திருப்பது பல தடவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மஞ்சள்தூளிலும் நிறத்துக்காக ஈயக் கலப்படம் நடப்பதுண்டு, ஆகவே சமையலுக்கு நம்பி வாங்குகிற பாக்கெட்டையே எடுங்கள். கடையில் விரல் பெயிண்ட் வாங்குவதாக இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "நான்-டாக்சிக்" என்று போட்டிருந்தால் தெரியாமல் கொஞ்சம் வாயில் பட்டால் விஷமில்லை என்றுதான் அர்த்தம், நக்கலாம் என்று அர்த்தமில்லை.

வாயில் வைக்கிற சின்னதுக்கு அதனால்தான் இந்தக் காய்ச்சிய பெயிண்ட். இரண்டு வயது வரை வாயும் ஒரு கைதான், அதைத் திட்டி நிறுத்த முடியாது. "இது பூசறதுக்கு" என்று சொல்லிக் கையைக் காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள், திரும்பத் திரும்பத் தின்னவே பார்த்தால் எடுத்துவிட்டு அடுத்த வாரம் கொடுங்கள். கோதுமை, பால் என்று எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். சாப்பாட்டுப் பொருளில் விளையாடக் கூடாது என்று நினைக்கிற வீடுகளும் நம் பக்கம் நிறைய உண்டு, அதில் தப்பே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர், துணி, களிமண் போதும்.

பழுப்பு விஷயத்துக்கு வருவோம். ஆறு நிறத்தை வைத்தால் பழுப்புதான் வரும், அதில் பெரியவன்மேல் குற்றமில்லை. ஒரு தடவைக்கு இரண்டே நிறம், அதுவும் கலந்தாலும் நன்றாக இருக்கிற ஜோடியாக: மஞ்சளும் சிவப்பும், மஞ்சளும் நீலமும். ஆரஞ்சு வந்ததும் அவன் போடுகிற சத்தத்தைக் கேளுங்கள், ஆரஞ்சு எப்படி வரும் என்று நீங்கள் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தச் சத்தம் வந்திருக்காது. எப்போதாவது எல்லா நிறத்தையும் கொடுத்துப் பழுப்பாக்கவும் விடுங்கள், அதுவும் அவன் செய்து பார்க்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் வாரத்தில் இரண்டு நாள் மாவுக்கே ஒதுக்குவேன். மைதா ஒரு கப், உப்பு அரை கப், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணீர் ஒரு கப். எல்லாவற்றையும் வாணலியில் கரைத்துச் சின்னத் தீயில் களி கிண்டுவது போலக் கிண்ட வேண்டும். ஓரம் விட்டு ஒரே உருண்டையாகத் திரண்டதும் இறக்கி, சூடு ஆறியதும் பிசைந்தால் கையில் ஒட்டாது, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக வரும். கிண்டாமல் பச்சையாகப் பிசைவது சுலபம்தான், ஆனால் பச்சை மாவில் கிருமி இருக்கலாம், அதனால் வேண்டாம். உப்பு இவ்வளவு இருப்பதால் வழக்கமாக ஒரு விரலோடு துப்பிவிடுவார்கள், ஆனாலும் உருண்டையாக விழுங்க விடக் கூடாது, அந்த உப்பே கெடுதல்.

மாவோடு பிஸ்கட் அச்சு கொடுக்காதீர்கள். பூ அச்சைக் கொடுத்தால் பூ வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். வெறும் மாவைக் கொடுங்கள், சின்னது குத்தும், கிள்ளும், டம்ளருக்குள் திணித்துவிட்டு வெளியே எடுக்க முடியாமல் தவிக்கும், நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் பொறுத்திருந்தால் கவிழ்த்துத் தட்டலாம் என்று அதுவே கண்டுபிடிக்கும். மூன்று வயதுக்குச் சப்பாத்திக் கட்டை. நாலு வயதுக்கு மர முறுக்கு அச்சு, இதைவிடச் சிறந்த சாமான் எனக்குத் தெரியவில்லை: இரண்டு கையையும் வைத்து உடம்பு எடையையே போட்டு அழுத்தினால்தான் பிழியும், அப்புறம் நூல் நூலாக இறங்குவதைப் பார்க்கும் முகத்தைப் பாருங்கள். எழுத்து எழுதும் கைக்கு வேண்டிய பலம் இப்படித்தான் வருகிறது, "எப்போ ஏ பி சி எழுதுவான்" என்று கேட்கிற அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

அச்சு குத்துவதற்கு வெண்டைக்காயின் காம்புப் பக்கம் நட்சத்திரம் போல விழும், வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் கட்டம் கட்டமாக அவ்வளவு அழகாக விழும். வாழைப்பால் துணியில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது, வெட்டிக் கழுவித் துடைத்த பிறகு கொடுங்கள். பெரியவர்கள் குத்துவார்கள், சின்னவர்கள் அதையே பிரஷ் போல இழுப்பார்கள். இழுக்கட்டும்.

நாலு வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைக் காகிதத்தில் பூசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஆப்பசோடாவைக் கரைத்த தண்ணீரை பிரஷில் தொட்டு அதில் வரையச் சொல்லுங்கள், தொட்ட இடமெல்லாம் செங்காவியாக மாறும், அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்திக்குச் சுண்ணாம்பு போடுவதும் இதே வேலைதான், ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும், குழந்தைகள் பக்கம் கொண்டுவராதீர்கள்.

ஆறு பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்க வேண்டாம். இரண்டு மூன்று பேர் பெயிண்டில், மற்றவர்கள் அக்காவோடு பொம்மையில். காலைச் சிற்றுண்டி முடிந்த நேரம் நல்லது, பசியிலும் தூக்கத்திலும் எதுவும் நடக்காது. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களின் சின்னச் சாமான்களை மேஜைமேல் வையுங்கள், தரை குட்டிகளுக்கு. மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்குகிற எதுவும் குட்டிகளுக்கு எட்டக் கூடாது: ஸ்கெட்ச் பேனா மூடி, ஒட்டுகிற கண், மணி, உடைந்த கிரையான், தெர்மாகோல் உருண்டை. தண்ணீரில் ஊறி உப்புகிற ஜெல்லி உருண்டைகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதி அடைத்துக்கொள்ளும், ஆபரேஷன் வரை போகும்.

கையில் பட்டாலே அழுகிற குழந்தை ஒன்று எப்படியும் இருக்கும். பிடித்து முக்காதீர்கள். பிரஷ் கொடுங்கள், குச்சி கொடுங்கள், அல்லது வெறுமனே பார்க்கட்டும். ஒரு வாரமோ ஒரு மாதமோ பார்த்துவிட்டு ஒருநாள் ஒற்றை விரலை வைக்கும்.

செய்துகொண்டிருக்கும்போது "இது என்ன?" என்று கேட்காதீர்கள். அது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், கேட்டதற்காக "யானை" என்று ஏதாவது சொல்லும். "சூப்பர்" என்று நிமிடத்துக்கு ஒருதரம் சொன்னாலும் குழந்தை காகிதத்தை விட்டு உங்களையே பார்க்க ஆரம்பித்துவிடும். கண்ணில் படுவதைச் சொல்லுங்கள் போதும்: "ரொம்ப வேகமா சுத்துறியே", "இந்த மூலையில மட்டும் சிவப்பு வெச்சிருக்க."

பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான், பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்க்காமல் இருக்கிறார்கள். பதில் அனுப்புகிற விதத்தை மாற்றுங்கள். முடிந்த காகிதத்தைப் படம் எடுக்காமல் கையைப் படம் எடுங்கள், மாவில் புதைந்த விரல், பிரஷைப் பிடித்திருக்கும் பிடி. கூடவே ஒரு வரி: "இன்னைக்குக் கட்டையை முதல் தடவை ரெண்டு கையாலயும் உருட்டினாள்." இப்படி வருவதை எந்த அம்மாவும் தட்டிவிட மாட்டார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஃபைல் போட்டு, காகிதத்தின் பின்னால் தேதி எழுதிச் சேர்த்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து முதல் கிறுக்கலையும் கடைசிக் கிறுக்கலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நீங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்காது. தீபாவளி, பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வேண்டும் என்பார்கள். பிள்ளைகள் பூசிய காகிதத்தையே மடித்து அட்டையாக்கி, எழுதுவதை மட்டும் நீங்கள் எழுதுங்கள்.

அப்படியும் மயில்தான் வேண்டும் என்று ஒருவர் நின்றால், வாதாட வேண்டாம். ஒருநாள் கொஞ்சம் முன்னதாக வரச் சொல்லி, ஓரமாக உட்காரவைத்து, அவருடைய பிள்ளை முறுக்கு அச்சை அழுத்துவதைப் பார்க்க விடுங்கள்.